ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டிக் 'குழந்தை எங்களுடையது இல்லை' என்கிறார்கள், பெரியவனையும் திருப்பி அனுப்பவில்லை

தையல்காரி_அறந்தாங்கி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. புகுந்த வீடு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக், இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் லீவு. மூத்தவன் பையன், வருகிற ஆகஸ்டில் ஐந்து வயது முடிகிறது. இளையவள் போன நவம்பர் 18ஆம் தேதி பிறந்தாள்.

போன வருடம் அவர் மார்ச் 8 ஊருக்கு வந்தார், ஏப்ரல் 20 திரும்பிப் போனார். மே மாதம் எனக்கு நாள் தள்ளியிருப்பது தெரிந்து சொன்னபோது, 'இந்த வாட்டி தங்கச்சி பாப்பாதான்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. மே 9ஆம் தேதி முதல் ஸ்கேன். அதில் பத்து வாரம் என்று போட்டிருந்தார்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. ரிப்போர்ட் மாமியார் வீட்டு பீரோவில் இருந்தது. வாந்தி அதிகமாக இருந்ததால் ஜூன் மாதமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். பையனையும் இங்கேயே எல்.கே.ஜி. சேர்த்தேன், அவர்தான் ஃபீஸ் அனுப்பினார்.

குழந்தை பிறந்து பெயர் வைக்கிற நேரத்தில் என் நாத்தனார் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காலண்டரை வைத்து எண்ணியிருக்கிறாள். மே 9இலிருந்து பத்து வாரம் பின்னால் போனால் பிப்ரவரி 28. 'அண்ணன் மார்ச் 8தானே வந்தான், அதுக்கு முன்னாடியே எப்படிக் கர்ப்பம்?' என்று ஆரம்பித்தாள். மாமியார் தன் பங்குக்கு, 'மார்ச்சில் வந்தவனுக்கு நவம்பரில் பிள்ளையா? எட்டு மாசப் பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் அல்லவா கிடக்கும்? இது பிறந்த அன்றே பால் குடிக்குதே' என்றார்கள். குழந்தை 2.4 கிலோ.

இதைக் கேட்டு முதலில் சிரித்த என் வீட்டுக்காரர், பத்துப் பதினைந்து நாளில் மாறிவிட்டார். டிசம்பரிலிருந்து பணம் வரவில்லை. முன்பு மாதம் 15,000 போடுவார். 'டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் பேசு' என்று ஒரு வாய்ஸ் அனுப்பிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

போகிக்கு மாமனார் வந்து, பேரனோடு பொங்கல் வைக்க ஆசை என்று பையனைக் கூட்டிப் போனார். அனுப்பவில்லை. நான் போனபோது வாசல் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. 'இவன் எங்க ரத்தம், விட மாட்டோம். அதை நீயே வச்சுக்க' என்றார். 'அது' என்றது என் மகளை.

இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் திருச்சியில் அவர்கள் சொல்கிற லேபுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டுமாம். வராவிட்டால் என் நடத்தையைக் காரணம் காட்டி விவாகரத்து, எனக்கும் குழந்தைக்கும் ஒரு பைசா கிடையாது, மகன் அவர்களிடமே இருப்பான் என்று எழுதியிருக்கிறார்கள்.

சத்தியமாக அவர் பிள்ளைதான். டெஸ்டை எடுத்து இவர்கள் மூஞ்சியில் எறிந்துவிடலாமா என்று ராத்திரியெல்லாம் தோன்றுகிறது. எடுக்கலாமா கூடாதா? எடுக்காவிட்டால் பயந்துவிட்டேன் என்று ஆகிவிடுமா? பையனை எப்படித் திரும்பக் கூட்டி வருவது? நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன், லைனிங் வைத்துத் தைத்தால் 250 ரூபாய். முகூர்த்த மாதத்தில் பரவாயில்லை, மற்ற மாதம் கைச்செலவுக்கே சரியாகிவிடும். அப்பாவுக்கு டீக்கடை. வக்கீல் ஃபீஸ் கொடுக்க வழியில்லை.

மன்னார்குடி மாமா:

கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் ஒட்டாதும்மா. இரண்டு பக்கமும் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். உன் மனதில் கள்ளமில்லை என்றால் டெஸ்ட் எடுத்துக் காட்டிவிடு, முடிந்தது கதை.

தையல்காரி_அறந்தாங்கி:

பேசியாகிவிட்டது மாமா. கோயில் மண்டபத்தில் வைத்து என் மகளின் மூக்கையும் காதையும் ஊரே உற்றுப் பார்த்தது. இன்னொரு தடவை அங்கே போய் உட்கார என்னால் முடியாது.

லேபர் வார்டு சிஸ்டர்:

தங்கச்சி, சட்டம் மற்றவர்கள் சொல்லட்டும். அந்தப் பத்து வாரக் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதே சண்டையை வார்டில் வாசற்படியிலேயே பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனில் போடுகிற வாரம், கரு தரித்த நாளிலிருந்து எண்ணுவது கிடையாது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுவது. உங்கள் அட்டையில் எல்.எம்.பி. என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் பிப்ரவரி 28 அல்லது அதை ஒட்டி ஒரு தேதி இருக்கும், பாருங்கள். கரு தரிப்பது அதற்குப் பிறகு சுமார் இரண்டு வாரம் கழித்து. அதாவது மார்ச் 14ஐ ஒட்டி. அவர் 8ஆம் தேதி வந்துவிட்டார். உங்கள் நாத்தனார் கண்டுபிடித்த பிப்ரவரி 28 நீங்கள் கர்ப்பமாகவே இல்லாத நாள்!

அடுத்தது 'எட்டு மாசப் பிள்ளை'. 40 வாரம், அதாவது 280 நாள் என்பதும் அதே பிப்ரவரி 28இலிருந்துதான். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு டிசம்பர் 5 தேதி கொடுத்திருப்பார்கள். நவம்பர் 18 என்றால் 37 வாரம் முடிந்து நாலு நாள். இது குறைமாதமே இல்லை, கண்ணாடிப் பெட்டிக்கு அவசியமும் இல்லை. 2.4 கிலோ என்பது கொஞ்சம் எடை குறைவு, அவ்வளவுதான். இந்த வாரத்தில் பிறந்த பிள்ளை தாய்ப்பால் குடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் பத்திரம். மே மாத ரிப்போர்ட் அவர்களிடம் இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஸ்கேன் சென்டரில் நகல் கேளுங்கள். பின்னால் எடுத்த ஸ்கேனைவிட அந்த முதல் ஸ்கேன்தான் தேதி விஷயத்தில் நம்பகமானது. அதனால் அவர்கள் ஆயுதமாக வைத்திருக்கும் காகிதம் உங்களுக்கான சாட்சி.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

அம்மா, நான் வக்கீல் இல்லை. குடும்ப வழக்குக் கட்டுகளுக்கு நடுவிலேயே சர்வீஸ் முடித்தவன். உங்கள் வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர் சொன்ன கணக்கு டாக்டர் வாயால் கோர்ட்டில் வரவேண்டியது. ஆனால் அதற்கு முன்னாலேயே சட்டம் உங்கள் பக்கம் ஒரு பெரிய பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. சட்டப்படி நடந்த திருமணம் நீடித்திருக்கும்போது பிறந்த குழந்தை கணவனின் குழந்தைதான், அது முடிவான நிரூபணம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 116. இதிலிருந்து வெளியே வர அவருக்கு ஒரே வழிதான் உண்டு. கரு தரித்திருக்கக்கூடிய காலத்தில் மனைவியோடு சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும். நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

நோட்டீஸை மறுபடி படித்துப் பாருங்கள். 'எமது கட்சிக்காரர் மார்ச் 8 முதல் ஏப்ரல் 20 வரை ஊரில் இருந்தார்' என்கிற மாதிரி ஒரு வரி அதிலேயே இருக்கும். இருந்தால், சேர்ந்திருக்க வாய்ப்பு இருந்தது என்பதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று. அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரையும் அதையே சொல்லும்.

டி.என்.ஏ. விஷயம். வக்கீல் நோட்டீஸில் கூப்பிட்டால் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோர்ட்டே நினைத்தாலும் கேட்டவுடன் உத்தரவு போடாது. 1993இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், 'சேர்ந்திருக்கவில்லை என்பதற்கு முதலில் வலுவான ஆதாரம் கொண்டுவா, சும்மா துழாவிப் பார்க்க ரத்தப் பரிசோதனை கிடையாது' என்றது. 2023இல் அபர்ணா ஃபிரோடியா வழக்கில், தாய் தகப்பன் சண்டையில் குழந்தையின் பிறப்பைப் பணயம் வைக்கக்கூடாது, குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று சொல்லி மறுத்தது. 2025 ஜனவரியில் கேரளத்து இவான் ரத்தினம் வழக்கிலும் அதே போக்குதான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கிளார்க் மறைத்துவிட்டார் என்று வரக்கூடாது. 2014 அக்டோபரில் தீபன்விதா ராய் வழக்கில், நடத்தை குறித்த குற்றச்சாட்டுக்காகச் சோதனையை அனுமதித்தார்கள். மனைவி மறுத்தால் அவருக்குப் பாதகமாக ஊகிக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் அங்கே கணவர், தான் மனைவியோடு சேர்ந்திருக்கவே இல்லை என்று வாதிட்டிருந்தார். உங்கள் வீட்டுக்காரர் அப்படிச் சொல்ல முடியாது. அதே 2014இல் நந்தலால் பத்வாய்க் வழக்கில் சோதனை ஏற்கனவே நடந்து, அவர் தகப்பன் இல்லை என்று வந்துவிட்டது. அப்போது அறிவியல் உண்மைதான் நிற்கும் என்றார்கள். இந்த நாலைந்து தீர்ப்பையும் உங்கள் வக்கீல் கையில் வைத்திருக்கட்டும், எதிர்த்தரப்பு 2014இல் வந்த இந்த இரண்டை மட்டும்தான் தூக்கிக்கொண்டு வரும்.

நீங்களே எடுத்து எறியலாமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம் என்பது. அவர்கள் சொல்கிற லேபில் கண்டிப்பாகக் கூடாது. யார் சாம்பிள் எடுத்தார்கள், யார் சீல் வைத்தார்கள், யார் கையில் போனது என்று கணக்கில்லாத காகிதம் கோர்ட்டில் நிற்காது, ஊரில் மட்டும் நிற்கும். அவர் இருப்பது ஷார்ஜாவில். திருச்சிக்குக் குழந்தையை வரச்சொல்கிறவர்கள் யாருடைய சாம்பிளை எடுத்து ஒப்பிடப் போகிறார்களாம்? கேளுங்கள். என்றைக்காவது எடுப்பதாக இருந்தால் கோர்ட் உத்தரவில், அவர் நேரில் வந்து, கோர்ட் சொல்கிற ஆய்வகத்தில், அதுவரை ஜீவனாம்சம் கட்டிக்கொண்டு. இது உங்கள் வக்கீல் போடவேண்டிய நிபந்தனை.

இப்போது பணம். டெஸ்ட் முடியட்டும், அப்புறம் ஜீவனாம்சம் என்று உங்களைக் காத்திருக்க வைப்பதுதான் இந்த நோட்டீஸின் முழு நோக்கம். காத்திருக்காதீர்கள். ஜீவனாம்சத்துக்கான பிரிவு பழைய சட்டத்தில் 125, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம், பட்டுக்கோட்டைக்கு அலைய வேண்டாம். உங்கள் பகுதிக்குக் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். உங்களுக்கு, மகனுக்கு, மகளுக்கு என்று மூன்று பேருக்கும் தனித்தனியாகத் தொகை கேளுங்கள். வேறொருவரோடு வாழ்கிறாள் என்று நிரூபித்தால் மனைவியின் ஜீவனாம்சம்தான் அடிபடும், குழந்தைகளுடையது அடிபடாது. முறை தவறிப் பிறந்த குழந்தைக்கே பெற்ற தகப்பன் கொடுக்கவேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவு. உங்கள் மகள் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கூடவே இடைக்கால ஜீவனாம்ச மனு. கோர்ட் நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தா போகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் எவ்வளவு இழுத்தாலும், மனு போட்ட தேதியிலிருந்து கணக்குப் போடவேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பின்படி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்கவேண்டும். உங்கள் தையல் வருமானத்தை மறைக்காமல் எழுதுங்கள். 250 ரூபாய் பிளவுஸால் உங்கள் கேஸ் தோற்காது, மறைத்தது தெரிந்தால்தான் அசிங்கம். அவர் பெயரில் ஊரில் வீடு, நிலம் இருந்தால் சர்வே எண் விசாரித்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் வசூலிக்க அதுதான் பிடி. கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும். எத்தனையோ பேர் இதை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

வக்கீல் ஃபீஸைப் பற்றிக் கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கும், அல்லது 15100க்கு போன் போடுங்கள். முதல் வேலையாக அந்த நோட்டீஸுக்குப் பதில் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். பயந்துவிட்டாள் என்கிற பேச்சுக்கு அதுதான் பதில்.

தையல்காரி_அறந்தாங்கி:

சிஸ்டர், அட்டையைப் பார்த்தேன். எல்.எம்.பி. 28/2 என்று நீல மையில் எழுதியிருக்கிறது. நான் ஒரு மணி நேரம் அழுதேன். கிளார்க் சார், நோட்டீஸில் நீங்கள் சொன்ன வரி இரண்டாவது பாராவில் அப்படியே இருக்கிறது.

பையனைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஸ்கூல் மிஸ் தினமும் கேட்கிறார்கள். இன்னொன்று, நேற்று மாமனார் ஒருவரை அனுப்பினார். 'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் பையனை அனுப்புகிறோம்' என்றார். எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன? எனக்குப் பையன்தானே முக்கியம்.

சனிக்கிழமை அப்பா:

நான் எதிர்ப்பக்கத்து ஆள், அதாவது பிரிந்த அப்பா. என் மகளைக் கோர்ட் உத்தரவுப்படி சனிக்கிழமைகளில்தான் பார்க்கிறேன். எனக்கு எதிராக எது வேலை செய்தது என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கவேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு இந்து மைனர் சட்டத்தின் 6ஆவது பிரிவு. உங்கள் பையனுக்கு ஆகஸ்ட் வரை இது நேரடியாகப் பொருந்தும். அதற்குப் பிறகும் குழந்தையின் நலன்தான் முதல் அளவுகோல். ஆனால் அதற்குள் அவன் அங்கேயே பழகிவிட்டான், அங்கே ஸ்கூலில் சேர்த்துவிட்டோம் என்று காட்டுவார்கள். அவர்கள் நாளைக் கடத்துவது அதற்குத்தான். என் வக்கீலும் எனக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தார், எனக்கு இதில் பெருமை இல்லை.

அப்பா ஷார்ஜாவில். வைத்திருப்பது தாத்தா பாட்டி. தாய் உயிரோடு இருக்கும்போது அவர்களுக்குத் தனி உரிமை கிடையாது. குடும்ப நல நீதிமன்றத்தில் கார்டியன் மனு போடலாம். குழந்தை வழக்கமாக எங்கே வசித்ததோ அந்த ஊர்க் கோர்ட்தான் விசாரிக்கும், உங்கள் எல்.கே.ஜி. ஃபீஸ் ரசீது அதற்கு ஆதாரம். அவரே பணம் அனுப்பியது இன்னும் நல்லது. கூடவே இடைக்கால ஒப்படைப்பு மனு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், குழந்தையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். சட்டப்படி உரிமை இல்லாதவர்கள் குழந்தையைப் பிடித்து வைத்திருந்தால் அது செல்லும் என்று 2019இல் தேஜஸ்வினி கௌட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேகம் வேண்டுமென்றால் அதுதான். ஆனால் மகனின் அப்பா சொல்லித்தான் வைத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், அதற்கு வக்கீலோடு பதில் தயார் செய்யுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மனுவிலேயே, அப்பா வீடியோ காலில் பேசலாம், லீவில் வந்தால் பார்க்கலாம், தாத்தா பாட்டி மாதம் ஒருமுறை வந்து பார்க்கட்டும் என்று எழுதுங்கள். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் ஒரு பக்கம் கேட்டைப் பூட்டியது, இன்னொரு பக்கம் திறந்து வைக்கத் தயார் என்று நீதிபதி பார்க்கிற இடம் அதுதான். அந்தக் கேட்டுக்கு முன்னால் போய்ச் சண்டை மட்டும் போடாதீர்கள், வீடியோ எடுத்து வேறு கதை ஆக்கிவிடுவார்கள்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. குழந்தைகளின் ஜீவனாம்சம் குழந்தைகளின் உரிமை, அதைத் தாய் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. எழுதினாலும் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பத்திரத்தில் மகளைப் பற்றி ஒரு வரி நைசாகச் சேர்த்திருப்பார்கள், அதை வைத்து இரண்டு வருடம் வாதாடுவார்கள். பேரம் பேச ஆள் வந்ததையும் வக்கீலிடம் சொல்லுங்கள். பேரனைக் காசுக்கு விடத் தயார் என்றால் அவர்கள் பேசுகிற ரத்தப் பாசம் எவ்வளவு என்று கோர்ட்டுக்குப் புரியும்.

வாட்ஸ்அப் மெசேஜும் வாய்ஸும் இருக்கிற போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரிப்பேருக்குக் கொடுத்து அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியம் என்றால் சான்றிதழ் இணைக்கவேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆவது பிரிவு, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். 'தங்கச்சி பாப்பா' மெசேஜ் முதல் ஆவணமாகப் போகட்டும்.

மன்னார்குடி மாமா:

நான் சொன்னதை விடும்மா. இலவச வக்கீல் நன்றாக வாதாடுவாரா என்றுதான் சந்தேகம்.

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

நல்லவர்களும் இருக்கிறார்கள், வாய்தா வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், காசு வாங்குகிறவர்கள் மாதிரியே. திருப்தி இல்லை என்றால் வேறு வக்கீலை நியமிக்கக் கேட்டு அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

தையல்காரி_அறந்தாங்கி:

15100க்குப் பேசினேன். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, இரண்டு குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், நோட்டீஸ், ஃபீஸ் ரசீது, அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரு பையில் போட்டிருக்கிறேன். ஸ்கேன் சென்டரில் மே மாத ரிப்போர்ட் நகலுக்கு 100 ரூபாய் கேட்டார்கள், கட்டிவிட்டேன். அவர் பெயரில் இருக்கும் வயலின் சர்வே எண் தெரியவில்லை. கடனுக்காக அடமானம் வைத்த பத்திரத்தின் ஜெராக்ஸ் என் டிரங்குப் பெட்டியில் எங்கோ இருக்கிறது, அதில் இருக்குமா கிளார்க் சார்?

ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்:

இருக்கும். கடைசிப் பக்கம் சொத்து விவரம் என்று தலைப்புப் போட்டு கிராமம், சர்வே எண், நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று வழக்குக் கட்டோடு போய்விடும்.